பைக் இன்சூரன்ஸ்: பின்னால் உட்காருபவருக்கு உங்கள் பாலிசியில் இடம் இருக்கிறதா?

பாலிசி புதுப்பிக்கும்போது நம்மில் பலர் பார்ப்பது இரண்டே விஷயம்: எது விலை குறைவு, போலீஸ் நிறுத்தினால் காட்ட தாள் இருக்கிறதா. எங்கள் வீட்டில் நடந்ததைப் படித்துவிட்டு, மூன்றாவதாக ஒன்றையும் பாருங்கள்.

மாமா பைக் ஓட்ட, அக்கா பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். மழை ஈரத்தில் வண்டி சறுக்கிவிட்டது. வேறு வண்டி எதுவும் மோதவில்லை. மாமாவுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அக்காவுக்குத் தொடை எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை வரைக்கும் போனது. வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று எல்லோரும் தைரியமாகவே இருந்தோம். பாலிசித் தாளை எடுத்துப் படித்தபோதுதான் அது வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்று தெரிந்தது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988 கட்டாயமாகக் கேட்பது இந்தத் தேர்ட் பார்ட்டி பாலிசியைத்தான். நம் வண்டியால் சாலையில் போகிற இன்னொருவருக்கு உயிரோ உடலோ பொருளோ சேதமானால் இழப்பீடு கிடைக்கும். ஆனால் நம் பின்னால் இலவசமாக உட்கார்ந்து வருபவர் அந்த ‘இன்னொருவர்’ கணக்கில் வரமாட்டார். உச்ச நீதிமன்றம் 2006லேயே இதைச் சொல்லிவிட்டது. வேறு வண்டி மீது தப்பு இருந்திருந்தால் அதன் இன்சூரன்ஸிலிருந்து அக்காவுக்குக் கேட்டிருக்கலாம். இங்கே அதற்கும் வழியில்லை.

ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்கிற பேக்கேஜ் பாலிசி எடுத்திருந்தால் கதையே வேறு. பின்னால் இருப்பவருக்கான பொறுப்பும் அதில் அடங்கும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையம் 2009இல் கம்பெனிகளுக்குத் தெளிவாக எழுதியிருக்கிறது. மனைவி, பிள்ளை, அம்மா என்று தினமும் யாரையாவது ஏற்றிக்கொண்டு போகிறவர்கள், வண்டி எவ்வளவு பழசாக இருந்தாலும் சரி, இதை யோசியுங்கள். ‘பத்து வருஷ வண்டி, இதுக்கு எதுக்கு ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று வண்டியின் விலையை மட்டும் வைத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

பதில் – வண்டியைத் திருட்டுக் கொடுத்தவர்

என் வண்டி ஷோரூமிலிருந்து வந்தபோது ‘அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் கவலையே இல்லை’ என்றார்கள். மூன்றாம் வருஷம் வண்டி திருடுபோனது. எஃப்ஐஆர் போட்டுவிட்டு கிளெய்முக்குப் போனால், ஐந்து வருஷம் என்பது தேர்ட் பார்ட்டிக்கு மட்டும்தானாம். 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு அப்படித்தான் கட்டாயம். நம் வண்டிக்கு ஆகிற சேதம், திருட்டு இதெல்லாம் ‘ஓன் டேமேஜ்’ பகுதி. எனக்குக் கொடுத்ததில் அது முதல் வருஷத்தோடு முடிந்திருந்தது. ஒரு பைசா கிடைக்கவில்லை. விற்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டாமா? அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

புது வண்டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே தாளை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு முடிவுத் தேதிகள் தனித்தனியாக இருக்கும். முதலில் முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

பதில் – டூவீலர் வொர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர்

நான் தினமும் பார்க்கிற சண்டை ஒன்று உண்டு. ‘ஃபுல் இன்சூரன்ஸ்தானே, ஏன் பாதிக் காசு கேட்கிறீங்க?’ காரணம் தேய்மானம். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் கழித்துவிட்டுத்தான் கம்பெனி தரும். ஃபைபருக்கு 30 சதவீதம். இரும்பு பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. இப்போதைய வண்டிகளில், ஸ்கூட்டரில் குறிப்பாக, விழுந்தால் முதலில் உடைவது பிளாஸ்டிக் பேனல்தான். அதனால் முதல் சில வருஷங்களுக்கு ஜீரோ டெப் (இந்தத் தேய்மானத்தைக் கழிக்காமல் தருகிற கூடுதல் காப்பீடு) சேர்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் ஐடிவி. வண்டி முழுசாகப் போனால் அதிகபட்சம் கிடைக்கிற தொகை அது. இரண்டு வருஷம் தாண்டி மூன்று வருஷம் ஆகாத வண்டிக்கு, அதைத் தயாரித்த கம்பெனி போட்டிருக்கிற விலையிலிருந்து 30 சதவீதம் கழித்துப் போடுவார்கள். 1 லட்சம் ரூபாய் வண்டி என்றால் 70,000. ஆன்லைனில் பிரீமியம் ரொம்பக் குறைவாகக் காட்டினால், ஐடிவியைக் கீழே இறக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இன்னொன்று: சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாதீர்கள். கிளெய்ம் இல்லாத முதல் வருஷத்துக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி, அது ஐந்து வருஷத்தில் 50 வரை ஏறும். ஒரு இண்டிகேட்டருக்காக அதை இழப்பது நஷ்டம். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினாலும் அந்தத் தள்ளுபடி போய்விடும்.

பதில் – பழைய வண்டி வாங்கியவர்

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு. ஆர்சி பெயர் மாற்றினால் இன்சூரன்ஸ் தானாக மாறிவிடும் என்று விற்றவர் சொன்னார். தேர்ட் பார்ட்டி பகுதிக்கு அது பொருந்தும். ஓன் டேமேஜ் பகுதி நம் பெயருக்கு வரவேண்டுமென்றால் 14 நாளுக்குள் கம்பெனிக்கு நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். நான் வாங்கிய கையோடு கொடுத்துவிட்டேன். பிறகு வண்டி விழுந்தபோது கிளெய்மில் சிக்கல் வரவில்லை. விற்றவரின் நோ கிளெய்ம் தள்ளுபடி மட்டும் நமக்கு வராது. அது ஆளுக்குரியது, வண்டியோடு ஒட்டியது இல்லை. அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொன்னார்கள், கட்டினேன்.

பதில் – முதலில் எழுதியவர்

எல்லோருக்கும் நன்றி. தனிச் செய்தியில் ஒருவர் கேட்டது: ‘பாலிசியோடு 15 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கிறதே, அது அக்காவுக்குக் கிடைக்காதா?’ கிடைக்காது. அது வண்டியின் உரிமையாளர் தானே ஓட்டும்போது, செல்லுபடியாகும் லைசென்ஸும் இருந்தால், மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும். எலும்பு முறிந்து குணமானால் ஆஸ்பத்திரிச் செலவை அது தராது. வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிற தம்பிக்கும் கிடையாது. பின்னால் இருப்பவருக்கென்று தனி விபத்துக் காப்பீடு 1 லட்சம் வரை சேர்க்கலாம். கேட்டால்தான் சேர்ப்பார்கள்.

வீட்டில் இரண்டு வண்டி ஒரே பெயரில் இருந்தால், அந்த 15 லட்சத்துக்கு இரண்டு தடவை கட்டத் தேவையில்லை. ஒன்றில் இருப்பதைக் காட்டினால் போதும்.