ஆற்றோர மாலை நடையில் எதிர்ப்பட்டவை: உங்கள் அனுபவம் என்ன?

மருதநிழல்:
மாசி மாதத்தில் மன்னார் மாவட்டத்தின் அரிப்பு ஊர்ப் பக்கம் அருவி ஆற்றின் கரையோரமாக நடந்து, வள்ளங்கள் கட்டும் துறைவரை சென்ற குழுவில் நானும் இருந்தேன். பூநாரையையும் ஊசிவால் வாத்தையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். பொழுதுபட்டுத் திரும்பும்போது, மணற்பாதையின் நடுவே, டோர்ச் வெளிச்சத்தில் ஒரேயொரு கண் செக்கச்சிவந்து ஒளிர்ந்தது. முன்னால் சென்ற ஐயா, "முதலை, பின்னுக்கு வாங்கோ" என்று அடங்கிய குரலில் சொன்னார். நாங்கள் பின்வாங்கியதும் அந்தக் கண் தரையைவிட்டு எழும்பி அணைந்தது. ஏதோ ஒன்று எங்கள் தலைக்கு மேலாகச் சத்தமே இல்லாமல் கடந்தது. முதலைக்குச் சிறகில்லை என்பது தெரியும். அப்படியென்றால் அது என்ன?

குளக்கட்டுக்காரன்:
அது பக்கி. பகலில் சருகோடு சருகாகக் கிடந்து, இருட்டியதும் பூச்சி பிடிப்பதற்காக வெறும் மணற்பாதைகளில் வந்து குந்தியிருக்கும் பறவை. பக்கவாட்டில் இருந்தால் ஒரு கண் மட்டுமே வெளிச்சத்தில் சிவக்கும். கட்டுக்கரைக் குளக்கட்டில் நாங்கள் நடந்தபோது அதன் குரல்தான் முதலில் கேட்டது; கொட்டைப்பாக்கைச் சீமெந்துத் தரையில் விழவிட்டதுபோல, இடைவெளி விட்டுத் தொடங்கி, வரவர விரைந்து, தேய்ந்து முடிந்தது. ஆள் மிதிக்கிற தூரம் வரும்வரை அது எழும்பவில்லை. எங்களோடு வந்த ஒரு பிள்ளை பயந்து என் சாரத்தைப் பிடித்த பிடியில் மடிப்பே அவிழ்ந்துவிட்டது.

கண்டற்காடு:
குளக்கட்டுக்காரன் அண்ணை சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால், சிவந்த கண் என்றால் பக்கிதான் என்று அடுத்த குழு துணிந்து நடந்தால் யார் பொறுப்பு? முதலையின் கண்ணும் இரவில் சிவந்துதான் ஒளிரும். விடத்தல்தீவு இறங்குதுறையில், கண்டல் வேர்களுக்கு நடுவே, நீர்மட்டத்தோடு ஒட்டி இரண்டு கண்கள் இருந்ததை நானே பார்த்தேன். மூக்கு நுனி தெரிந்தது, உடல் தெரியவில்லை. வள்ளத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவை மெல்லத் தாழ்ந்தன, நீரில் ஒரு வட்டம்கூட எழவில்லை. அந்த இடம் 2016 முதல் இயற்கை ஒதுக்கிடமாக இருக்கிறது. அங்கே நாம் விருந்தாளிகள் என்பதை மறக்கக்கூடாது.

வங்காலையான்:
இருவரும் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். விலங்கின் கண்ணில் பட்ட ஒளி, வந்த வழியாகவே திரும்பும். ஆகவே டோர்ச்சை இடுப்பளவில் பிடித்துக்கொண்டு நடப்பவருக்கு எதுவும் தெரியாது. கண்ணோரமாகப் பிடித்தவருக்கு மட்டுமே தெரியும். அந்த ஐயா அப்படிப் பிடித்திருப்பார். நான் வங்காலையில் கண்டது ஓர் அன்றில் கூட்டம் மட்டுமே. அதிலே சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குழுவாகப் போகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். வங்காலை 2008இல் சரணாலயமாகவும் 2010இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம். அடையும் பறவைகள்மேல் வெளிச்சம் அடிப்பதால் அவை கலைந்து, இருட்டில் இடம்தேடி வீணாக அலைகின்றன. டோர்ச் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டுங்கள். இறங்குதுறையில் உலர விரித்த வலைகளை மிதிக்காதீர்கள். ஓர் இழை அறுந்தாலும் அடுத்த நாள் அந்த வீட்டில் உட்கார்ந்து பொத்தவேண்டியிருக்கும். முக்கியமாக, வன்னியில் இருக்கிறோம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பற்றைக்குள், எந்தப் பறவைக்காகவும், பாதையை விட்டு ஓர் அடிகூட இறங்கக்கூடாது. மாரியில் ஆறு பெருகி வந்த பிறகு கரையின் மணல் உள்ளே குடைந்திருக்கும், மேலே உறுதியாகத் தோன்றும். விளிம்பில் நின்று படம் எடுப்பவர்களை முதலில் இழுத்துப் பின்னால் விடுங்கள்.

மருதநிழல்:
அறிவுரைகளுக்கு நன்றி, நான் கேட்டது அதுவல்ல. பக்கி என்பதை ஏற்றுக்கொள்கிறேன். எழும்பியது, சத்தமில்லாமல் பறந்தது, எல்லாம் பொருந்துகிறது. ஆனால் அந்தக் கண் தெரிவதற்குச் சற்று முன்பு, ஆற்றுப் பக்கத்திலிருந்து ஆள் நடமாட்டம் கண்டால் கத்தும் ஆட்காட்டிக் குருவி விடாமல் கத்தியது. மணலில் அசையாமல் இருந்த பக்கிக்காக அது அப்படிக் கத்தியிருக்குமா? எங்களைக் கண்டுதான் கத்தியது என்றால், போகும்போது அதே இடத்தால், அதைவிடச் சத்தமாகப் பேசிக்கொண்டு நாங்கள் கடந்தபோது ஏன் கத்தவில்லை?