கிரேனியோ சேக்ரலும் வர்மமும் ஒண்ணா?

தக்கலைக்காரன்: கழுத்து இறுகி வர்ற தலைவலிக்கு கிரேனியோ சேக்ரல்னு, தலையையும் முதுகெலும்பு அடியையும் மெல்லத் தொட்டுச் செய்யுற சிகிச்சை பார்க்கச் சொல்றாங்க. நம்மூர் வர்ம ஆசான் தலையில கை வைக்கிறதும் இதுவும் ஒண்ணா? எவ்வளவு அழுத்துவாங்க?

கோட்டாறு: ரெண்டும் வேற அண்ணாச்சி. வர்மத்துக்கு 108 புள்ளி, மாத்திரைங்கிற அளவுக் கணக்குல அழுத்தம். கிரேனியோ சேக்ரல் அமெரிக்காவுல சதர்லேண்ட்ங்கிற மருத்துவர் தொடங்கி, 1970களில் அப்லெட்ஜர்ங்கிற மருத்துவர் வளர்த்த முறை. அழுத்தம் 5 கிராம்னு சொல்வாங்க, ஒரு நாணயம் வச்ச மாதிரி. உடையோட மல்லாந்து படுக்கணும். தலைமாட்டில் உட்கார்ந்து, பிடரி எலும்புக்குக் கீழே உள்ள பள்ளத்தில் ரெண்டு கை விரல்நுனியையும் நிமிர்த்தி வைப்பாங்க. தலையோட எடையே போதும். சில நிமிஷத்துல தசை இளகி, தலை உள்ளங்கையில் இறங்கும். அவசரப்பட்டு விரலை மடக்கி இழுத்தா மறுபடி இறுகிடும். சொதப்புறது பெரும்பாலும் இங்கதான்.

மார்த்தாண்டம் பிசியோ: மண்டையோட்டு எலும்பு அசையுது, தண்டுவட நீர்த் துடிப்பு கைக்குத் தெரியுதுன்னு சொல்றதுக்கு நல்ல ஆதாரம் இல்ல. ஒரே ஆளை ரெண்டு பேர் தொட்டுப் பார்த்தா துடிப்பு எண்ணிக்கை ஒத்துப்போறதில்ல. தசை இளகுறதையும் ஓய்வையும் மட்டும் எதிர்பாருங்க. அண்மையில் தலைக்காயம், மூளையில் ரத்தக்கசிவு, அனியூரிசம் (ரத்தக்குழாய் வீக்கம்) இருந்தா தொடவே கூடாது. திடீர்னு கடுமையான தலைவலி, காய்ச்சலோட கழுத்து விறைப்புன்னா நேரா ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிதான்.

தக்கலைக்காரன்: எண்ணெய் தேய்ச்சுட்டுப் போகலாமா?

கோட்டாறு: வேண்டாம், விரல் வழுக்கும். கம்மலையும் கழட்டிடச் சொல்லுங்க.