தவறான பாஸ்வேர்டுக்கு அலாரம் ஒலிக்க வைப்பது எப்படி? (விண்டோஸ் 11 ப்ரோ)

வணக்கம். வெள்ளவத்தையில் சிறிய கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். உள் அறைக் கணினியில் வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை, பாஸ்போர்ட் ஸ்கேன்கள் இருக்கின்றன. போன மாதத்திலிருந்து யாரோ அதில் பாஸ்வேர்ட் போட்டுப் பார்க்கிறார்கள். விண்டோஸ் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில், செக்யூரிட்டி லொக்கில், 4625 (தோல்வியடைந்த லொகினுக்கான எண்) என்று பதிவாகிறது. லொகின் வகை 2, அதாவது நெட்வேர்க் வழியாக அல்ல, கணினிக்கு முன்னால் இருந்தே தட்டுகிறார்கள். மக்கள் நம்பித் தந்த ஆவணங்கள், அதனால் இதைச் சும்மா விட முடியாது. அந்த நேரமே முன் கவுண்டருக்குச் சத்தம் கேட்க வேண்டும்.

கணினி டெல் ஒப்டிப்ளெக்ஸ் 3070, வெளி ஸ்பீக்கர் பூட்டியிருக்கிறேன்.

லோக்கல் செக்யூரிட்டி பொலிசியில் தோல்வியடையும் லொகின்களுக்கு ஓடிட் (பதிவு செய்யும் அமைப்பு) போட்டாயிற்று. டாஸ்க் ஷெட்யூலரில் 4625-ஐ ட்ரிகராக வைத்து, பவர்ஷெல் மூலம் ஒரு வேவ் ஒலி ஃபைலை ஓட விட்டேன். நான் லொகின் செய்து திரையைப் பூட்டிவிட்டுப் போனால் அலாரம் நன்றாக ஒலிக்கிறது. ரீஸ்டார்ட் செய்தபின், இன்னும் யாரும் லொகின் ஆகாத நிலையில்தான் சிக்கல். டாஸ்க்கை சிஸ்டம் கணக்கில் ஓட மாற்றினேன். ஹிஸ்டரியில் வெற்றிகரமாக முடிந்தது என்று வருகிறது, சத்தம் மட்டும் இல்லை. அது செஷன் 0-இல் (பயனர் திரையோடு சேராமல் விண்டோஸ் சேவைகள் பின்னணியில் ஓடும் பகுதி) ஓடுவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எம்பி3-ஐ வேவ் ஆக மாற்றியது, வொலியூம், ட்ரைவர் எல்லாம் சரி பார்த்தாயிற்று.

யாரும் லொகின் ஆகாதபோதும் 4625 வந்தவுடன் ஸ்பீக்கரில் ஒலி எழுப்ப என்ன வழி?