ஆடிட்டில் உண்மையைச் சொன்னால் ஆர்டர் போய்விடுமா?

காங்கேயம்ரோடு_செக்கிங்:

திருப்பூரில் ஒரு ஆடை எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஏழு வருடமாகச் செக்கிங்கில், தைத்து வருவதைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை, எங்களிடம் ஆடை வாங்குகிற ஐரோப்பிய பையர் சார்பில், வேலை நேரமும் சம்பளமும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஆடிட் வந்தது. முந்தைய நாள் மதியம் எங்களைச் சாப்பாட்டு ஹாலில் உட்கார வைத்து, எதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எச்.ஆர். சொல்லிக்கொடுத்தார். எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீர்கள்? ஐந்தரைக்கு. ஓவர்டைம் உண்டா? விருப்பப்பட்டால் எப்போதாவது. அதற்குப் பணம்? இரட்டிப்பு.

ஷிப்மென்ட் நெருங்கும் வாரங்களில் எங்களுக்குத் தினமும் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் இரவு ஒன்பது ஆகிவிடும், சில நாள் விடியவே விடிந்துவிடும். அதற்கான பணம் சனிக்கிழமை தனிக் கவரில், சாதாரணக் கணக்கில்தான் வரும். என் எதிர் டேபிளில் வேலை செய்யும் ஒடிசாப் பெண்ணையும், காண்ட்ராக்டர் மூலம் வந்த மற்றவர்களையும் அன்றைக்கு ஹாஸ்டலை விட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆடிட் செய்ய வந்தது என் வயதுப் பெண். தமிழ்தான். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். எழுதிக்கொண்டிருந்தவள் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், அப்புறம் மறுபடி எழுதினாள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கேண்டீன் சுவரில் பையருடைய புகார் எண் ஒட்டியிருக்கிறது. கூப்பிடலாமா? "ஒருத்தி வாயைத் திறந்தாலும் ஆர்டர் பங்களாதேஷுக்குப் போய்விடும், முந்நூறு குடும்பம் நடுத்தெருவுக்கு வரும்" என்கிறார் சூப்பர்வைசர் அண்ணன். அது நிஜமா?

முன்னாள்_கம்ப்ளையன்ஸ்:

தங்கச்சி, தனியாகக் கூப்பிடாதீங்க. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் எச்.ஆர். செய்கிற வேலையை வேறொரு கம்பெனியில் பதினோரு வருடம் நான் செய்தேன். நேரப் பதிவேடு இரண்டு வைத்திருந்தோம், ஒன்று நிஜம், ஒன்று ஆடிட்டுக்கு. அந்தப் புகார் எண்ணுக்கு யாராவது பேசினால், பையர் ஆபீசிலிருந்து மின்னஞ்சல் என்னிடம்தான் வரும். பெயர் இருக்காது. ஆனால் எந்த லைன், எந்த இரவு என்று இருக்கும். பேசியது யார் என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போதும். ஒரு தடவை நானே கண்டுபிடித்துக் கொடுத்தேன். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் கேட்டைத் தாண்டிப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது.

ஆர்டர் போகுமா என்றால், போகலாம். ஆடிட்டில் குறை வந்த ஒரு கம்பெனியை, சரிசெய் என்றுகூடச் சொல்லாமல் அடுத்த சீசன் அப்படியே கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் வாயை மூடிக்கொண்டால் ஆர்டர் நிற்கும் என்பதும் உண்மையில்லை. 2005 ஜனவரியில் கோட்டா முறை முடிந்தது. இன்ன நாட்டிலிருந்து இவ்வளவுதான் வாங்கலாம் என்ற கட்டு அதோடு போனது. பங்களாதேஷ் துணிக்கு ஐரோப்பாவில் வரி இல்லை, நம்முடையதற்கு உண்டு. பையர் இடம் மாறுவதைத் தீர்மானிப்பது இந்தக் கணக்குகள்தான்.

அங்கே உட்கார்ந்து தைக்கிறவர்களும் உங்களைப் போன்ற பெண்கள்தான். 2013 ஏப்ரலில் டாக்காவுக்குப் பக்கத்தில் சாவரில் ராணா பிளாசா இடிந்தது. முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. அதே கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்றது. தையல் தொழிலாளிகளை மட்டும் மறுநாள் காலை உள்ளே அனுப்பினார்கள். 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தக் கட்டடத்திலும் ஆடிட் முடித்த ஆலைகள் இருந்தன. அதற்கு ஏழு மாதம் முன்னால் கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் எரிந்து 250 பேருக்கு மேல் போனார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகள் பூட்டியிருந்தன. சில வாரம் முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்.ஏ. 8000 சான்றிதழ், அதாவது தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறார்கள் என்ற சர்வதேசச் சான்று, கொடுத்திருந்தார்கள். எங்கள் ஆபீஸ் சுவரிலும் அதே சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அன்றிலிருந்து அதை நிமிர்ந்து பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

எது வேலை செய்கிறது? பையரைச் சட்டப்படி கட்டிப்போடுகிற ஒப்பந்தம். ராணா பிளாசாவுக்கு அடுத்த மாதமே தொழிற்சங்கங்களும் பிராண்டுகளும் அக்கார்டு என்ற ஆலைப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. பிறகு 200 பிராண்டுகளுக்கு மேல் சேர்ந்தன. பங்களாதேஷ் ஆலைகளுக்குத் தீக்கதவும் பலமான தூணும் வந்தது அதற்கப்புறம்தான்.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் தொழிலாளியை, இருபது வயதுப் பெண்ணை, சூப்பர்வைசர் கொன்றான். பெண்கள் முன்னின்று நடத்துகிற டி.டி.சி.யூ. என்ற ஜவுளித் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். என்ற மூன்று வெளிநாட்டு பிராண்டுகளும் கையெழுத்துப் போட்டன. தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பாளர்களுக்குப் பயிற்சி. கம்பெனி மீறினால் பையர் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். அது பாலியல் தொல்லைக்கு எதிரானது, ஓவர்டைமுக்கு அல்ல. ஆனாலும் வழி அதுதான்.

இப்போதைக்கு, வந்த நேரம் போன நேரத்தைத் தினமும் எழுதி வையுங்கள். சனிக்கிழமைக் கவரைத் தூக்கிப் போடாதீங்க. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு சங்கத்திடம் போங்கள். புகார் சங்கத்தின் பெயரில் போகட்டும்.

ஜாப்ஒர்க்_அவிநாசி:

எக்ஸ்போர்ட்டர்களுக்குத் தைத்துக் கொடுக்க நாற்பது மெஷின் வைத்திருக்கிறேன். விடிய விடிய வேலை எங்கிருந்து வருகிறது என்று நானும் சொல்ல வேண்டும். சாம்பிளுக்கு ஓகே சொல்ல பையர் மூன்று வாரம் இழுப்பார். கலர் மாற்றுவார். ஷிப்மென்ட் தேதி மட்டும் மாறாது. கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்பும் செலவு நம் தலையில். அப்போது இரவில் ஓட்டாமல் என்ன செய்வது?

2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது பையர் எக்ஸ்போர்ட்டரிடம் தள்ளுபடி கேட்டார். எக்ஸ்போர்ட்டர் என்னிடம் கேட்டார். நான் பீஸ் ரேட்டில், ஒரு உருப்படி தைக்கக் கொடுக்கும் கூலியில், கை வைத்தேன். எனக்குக் கீழே தையல்காரர்கள்தான் இருக்கிறார்கள், அவர்கள் தள்ளுபடி கேட்க அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. அது தப்பு என்று தெரிந்தேதான் செய்தேன்.

பவர்டேபிள்_பெரியவர்:

அம்மிணி, 1984-இல் பஞ்சப்படி கேட்டு இந்த ஊரில் 127 நாள் ஸ்ட்ரைக் நடந்தது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வீட்டில் ராகிக் களியும் கடனும்தான். ஆனாலும் நின்றோம். முதலாளி எந்தத் தெருவில் இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும், அவர் வீட்டு வாசலில் போய் நிற்க முடிந்தது. அதற்கப்புறம் கம்பெனிகள் சின்னச் சின்ன யூனிட்டாகப் பிரிந்தன, காண்ட்ராக்ட் பெருகியது. இப்போது யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாமல் ஆகிவிட்டது.

மேலே தம்பி சொன்னது சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். ஆடிட் அன்றைக்கு ஒளித்து வைத்தார்களே, அந்த ஹாஸ்டல் பிள்ளைகளைச் சேர்க்காமல் எதுவும் செய்யாதீங்க. நீங்கள் எட்டு மணி நேரத்தோடு நிறுத்தினால், மிச்ச நேரத்தை அந்தப் பிள்ளைகள் தலையில்தான் கட்டுவார்கள்.

காங்கேயம்ரோடு_செக்கிங்:

படித்தேன், எல்லோருக்கும் நன்றி. போன் செய்யவில்லை. நேற்றிலிருந்து நேரம் எழுதுகிறேன். பேக்கிங்கில் இரண்டு அக்காவிடம் பேசினேன், ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் கூடுகிறோம்.

பெரியவர் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. எதிர் டேபிள் ஒடிசாப் பெண்ணிடம் இதுவரை "சாப்பிட்டியா" என்பதைத் தாண்டி நான் பேசியதில்லை. அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். திருப்பூரில் ஒடியா நன்றாகப் பேசத் தெரிந்த, நம்பிக்கையான பெண்கள் யாராவது ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் வர முடியுமா?