வெலாமனுக்குத் தமிழ்: வேர்ப்பஞ்சா, வேர்ப்போர்வையா?

வணக்கம்.

ஆர்க்கிட் வேரைச் சுற்றியிருக்கும் தடித்த வெண்சாம்பல் திசு, பாடநூலில் வெலாமன் என்று ஒலிபெயர்ப்பாகவே நிற்கிறது. வீட்டில் வளர்ப்பவருக்கு எப்போது தண்ணீர் ஊற்றலாம் என்று காட்டுவதே இதுதான். முதிர்ந்ததும் இதன் செல்கள் இறந்து வெற்றறைகளாகிவிடும். அவற்றில் காற்று இருக்கும்வரை வேர் வெளுத்துத் தெரியும். நீர் ஏறினால் உள்ளிருக்கும் பச்சை வெளிப்படும். வெளுத்தால் ஊற்றலாம், பச்சையாக இருந்தால் பொறுக்க வேண்டும். உறிஞ்சும் தன்மையை வைத்து வேர்ப்பஞ்சு எனலாமா?

---

> வேர்ப்பஞ்சு எனலாமா?

வேண்டாம் ஐயா. தொட்டியில் இடும் தேங்காய் நாரையும் பஞ்சு என்பவர்கள் உண்டு. எது காய வேண்டும் என்பதில் குழப்பம் வரும். அதைவிடப் பெரிய சிக்கல், பஞ்சு என்றதும் ஈரம் தேக்கும் பொருள் என்று தோன்றுவது. இந்தத் திசு சில நிமிடங்களில் குடித்துவிட்டுப் பிறகு காய வேண்டும். ஓயாமல் நனைந்திருந்தால் காற்றின்றி வேர் அழுகும். அழுகிய வேரை விரலால் இழுத்துப் பாருங்கள்: மேற்புறம் உறைபோல் கழன்று, நடுவில் நூல் மட்டும் மிஞ்சும்.

வேருறை என்றால் விதையிலுள்ள முளைவேர் உறையோடு மோதும். என் பரிந்துரை வேர்ப்போர்வை. இலத்தீன் மூலச்சொல்லுக்கும் திரை, போர்வை என்றுதான் பொருள். காய்ந்த நிலையில் வேரின் ஈரம் வெளியேறாமல் காப்பதும் இதன் வேலை. அது பஞ்சில் அடங்காது.

---

ஏற்கிறேன். ஒரு ஐயம்: நனைந்த பின்னும் வேரில் சில வெண்கோடுகள் அப்படியே நிற்கின்றனவே? அவற்றைப் பார்த்து மறுபடி ஊற்றிவிடுவார்களே?

---

அவை காற்று போய்வரும் இடங்கள், நீர் ஏறாது. வேரின் பெரும்பகுதி பச்சையானால் போதும் என்று குறிப்பில் எழுதிவிடலாம்.

இலையடியில் நீர் தேங்கி வரும் அழுகலுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். தென்னை விவசாயிகளிடம் குருத்தழுகல் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்வோம். சொற்பட்டியலில் பதிவு இப்படி:

வேர்ப்போர்வை: ஆர்க்கிட் வேரின் நீருறிஞ்சும் புறத்திசு. ஃபெலனாப்சிஸ் என்னும் ஆர்க்கிட் வகையின் தொட்டியில் மரக்கரியும் மட்டைத்துண்டும் இருந்தால், போர்வை வெளுத்ததும் காலையில் 10 முதல் 15 நிமிடம் வாளி நீரில் முக்கி, முழுதும் வடியவிடவும். ஸ்பேக்னம் பாசியில் நட்டிருந்தால் நீர் விடும் இடைவெளி கூடும். வேர் தொங்கும் வாண்டா என்னும் ஆர்க்கிட் வகைக்கு வெயில் காலத்தில் அன்றாடம் தண்ணீர் வேண்டும். ஒரே வாளி நீரில் அடுத்த தொட்டியை முக்கினால் நோய் தொற்றலாம். குருத்தில் நீர் நின்றால் துணியால் ஒற்றி எடுக்கவும். உரக்கரைசலுக்கு முன் வெறும் நீரால் போர்வையை நனைக்கவும். காய்ந்த போர்வை உப்பையும் சேர்த்து இழுத்து வேர்நுனியைக் கருக்கும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீருக்குப் பதில் மழைநீர் நல்லது.