முதல் கார், அதுவும் பழைய கார்: நீங்கள் பார்த்த வண்டிகளையும் ஆட்களையும் எழுதுங்கள்

கொங்கு வண்டிக்காரன்:

மூன்று லட்சத்துக்குள் ஒரு பெட்ரோல் கார் என்று திருப்பூரில் தேட ஆரம்பித்து, ஒருவழியாக வாங்கி, பெயரும் மாற்றி, ஆர்சி கார்டும் கைக்கு வந்துவிட்டது. தேடும்போது யாரைக் கேட்டாலும் இன்ஜினைப் பார், கிலோமீட்டரைப் பார் என்றார்கள். பார்க்க வேண்டியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு முடிவெடுக்க உதவியது வேறு: வண்டி இத்தனை வருஷம் யார் கையில் இருந்தது, அந்த ஆள் நேரில் வந்து நிற்பாரா, அவர் வாய் சொல்வதும் காகிதம் சொல்வதும் ஒன்றாக இருக்கிறதா.

கோவையில் அவினாசி ரோட்டுப் பக்கம் ஒரு கன்சல்டிங்கில் (பழைய கார் வாங்கி விற்கிற கடை) 2014 ஸ்விஃப்ட் டீசல் ஒன்று நின்றது. எனக்கு டீசல் வேண்டாம், இருந்தாலும் விலை இழுத்தது. மீட்டரில் 62 ஆயிரம். "டாக்டர் ஓட்டின வண்டிங்க, வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டுந்தான்" என்றார் கடைக்காரர். (கோவையில் விற்பனைக்கு வருகிற காரெல்லாம் டாக்டர் ஓட்டினதாகவே இருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் பஸ்ஸில் போகிறார்கள் போல.) கடை திறக்கிற நேரத்துக்கே போய் நின்றேன், அப்போதே பானெட்டில் கை வைத்தால் சூடு. காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் புகையும் சத்தமும் தெரியும் என்பதால் முன்னாடியே ஓட விட்டிருக்கிறார்கள். கிளட்ச் பெடல் ரப்பரில் வரி ஒரு பக்கம் முழுசாகத் தேய்ந்து வழவழ என்று இருந்தது, ஸ்டியரிங்கில் இடது கை பிடிக்கிற இடம் பளபளப்பு. 62 ஆயிரம் ஓடின வண்டிக்கு இவ்வளவு தேய்மானம் வராது. சர்வீஸ் புக் கேட்டால் "பார்ட்டி தரலைங்க". நம்பரைக் குறித்துக்கொண்டு போய், கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் தெரிந்த பையனிடம் கொடுத்தேன். 2019-லேயே 1,14,000 என்று பதிவாகியிருந்தது. கடைக்காரரிடம் போனில் சொன்னேன். கொஞ்சம்கூடத் தடுமாறாமல், "கேபிள் அறுந்து மீட்டர் மாத்தினதுங்க" என்றார். 2014 மாடலில் மீட்டருக்குக் கேபிளே கிடையாது, எல்லாம் சென்சார்தான்.

அதற்கப்புறம் கன்சல்டிங் பக்கம் போகாமல் பார்ட்டி வண்டியாக, அதாவது ஓனரே நேரில் விற்கிற வண்டியாகத் தேடினேன். கன்சல்டிங் என்றாலே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை, ஒழுங்காக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முதல் வண்டி வாங்குகிற ஆளுக்கு, ஓட்டினவரையே நேரில் கேள்வி கேட்க முடிவது பெரிய வசதி.

ஈரோட்டில் கிடைத்தது. 2012 ஐ10, 1.2 கப்பா இன்ஜின். (இதே ஐ10-இல் 1.1 இன்ஜினும் உண்டு, அதில் டைமிங் பெல்ட், காலத்துக்கு மாற்ற வேண்டும். கப்பாவில் செயின். ஐ10 பார்க்கிறவர்கள் எந்த இன்ஜின் என்று முதலில் கேளுங்கள்.) ஓனர் ரிட்டயர்டு பேங்க் ஆபீசர். வண்டியைக் காட்டுவதற்கு முன்னால் ஃபைலைத்தான் காட்டினார். வாங்கின நாளிலிருந்து போட்ட ஆயில், மாற்றின பேட்டரி, வைப்பர் பிளேடு வரைக்கும் பில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார். "முன்னாடி இடது ஃபெண்டர்ல ஆட்டோக்காரன் இடிச்சுட்டாங்க, டிங்கரிங் பண்ணிப் பெயிண்ட் அடிச்சிருக்கு" என்று அவரே சொன்னார். பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். இடது ஃபெண்டர் போல்ட் தலைகளில் மட்டும் பெயிண்ட் உதிர்ந்து ஸ்பானர் பட்ட தழும்பு இருந்தது, வலது பக்கம் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. ஸ்டெப்னி டயரில் கடைசி நாலு இலக்கம் 1812, அதாவது 2012-இல் 18-ஆவது வாரம் தயாரானது. கீழே இறக்கவே இல்லை போல, பட்டன் முழுசாக இருக்கிறது, ஆனால் பக்கச்சுவர் எல்லாம் வெடிப்பு. அதைக் காட்டித்தான் கொஞ்சம் குறைத்தேன். இரண்டே முக்கால் கேட்டார், இரண்டு அறுபதுக்கு முடிந்தது.

சிக்கல் வந்தது ஆர்சியில். லோன் 2017-லேயே முடிந்துவிட்டது, ஆனால் ஆர்சியில் ஹெச்பி, அதாவது வண்டி மேல் லோன் இருக்கிறது என்ற பதிவு, அப்படியே நிற்கிறது. சர்வீஸ் முழுக்க ஊருக்கெல்லாம் லோன் கொடுத்த மனிதர், தன்னுடைய லோனை ஆர்டிஓ ஆபீஸில் அடிக்கவில்லை! அன்று பேங்க் கொடுத்த என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) பழசாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்கி, ஃபார்ம் 35-இல் அவரும் பேங்க்கும் கையெழுத்துப் போட்டு ஹெச்பி கேன்சல் ஆக வேண்டும். அதுவரைக்கும் டோக்கன் பத்தாயிரத்துக்கு மேல் நான் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அப்புறம் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29 இரண்டு காப்பி, ஃபார்ம் 30, தேதியும் நேரமும் எழுதின டெலிவரி நோட் என்று மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்றச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நம் வண்டி அடிபட்டால் காசு வராது. அவருடைய பாலிசியில் 50 சதவீதம் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் வாங்காமல் ஓட்டினதற்குப் பிரீமியத்தில் தள்ளுபடி) இருந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அது ஆளோடு போய்விடுமாம், வண்டியோடு வராதாம். அந்த வித்தியாசத்தை என்னிடம் கட்டச் சொல்லிவிட்டார்கள்.

ஒன்றைத் தெரிந்தேதான் வாங்கினேன்: 2012 ரிஜிஸ்ட்ரேஷன் என்றால் 15 வருஷம் 2027-இல் முடிகிறது. அதற்கப்புறம் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டி 5 வருஷத்துக்கு ஒருமுறை ரினிவல், க்ரீன் டாக்ஸ் தனி. அந்தச் செலவையும் மனதில் வைத்துத்தான் விலை பேசினேன்.

தாம்பரத்தான்:

எங்கள் பக்கம் கவலையே வேறு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் கார்கள் தண்ணீரில் நின்றதை எல்லோரும் பார்த்தோம். அந்த வண்டிகளில் பலதும் கழுவித் துடைத்து, புது சீட் கவர் போட்டு, ஏதோ ஒரு ஊரில் விற்பனைக்கு நிற்கும். ஆர்சியில் தண்ணீர் புகுந்த வண்டி என்று ஒரு வரியும் இருக்காது.

மச்சானுக்காக ஒரு செடான் பார்க்கப் போனோம். கதவைத் திறந்ததும் சென்ட் வாசம் ஆளைத் தூக்கியது. டிரைவர் சீட் பெல்ட்டை மெதுவாகக் கடைசி வரைக்கும் இழுத்தேன். சாதாரணமாக உள்ளே சுருண்டு கிடக்கும் கடைசி ஒரு ஜாண் பெல்ட்டில் காவி நிறத்தில் ஒரு கோடு, அதற்குக் கீழே நிறமே வேறு. சீட்டுக்கு அடியில், சீட் முன்னும் பின்னும் நகர்கிற இரும்புத் தடம் துருப்பிடித்திருந்தது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் ஓரத்தில் காய்ந்த சேறு. புரோக்கர் "வண்டி மாடி பார்க்கிங்ல நின்னுச்சு சார்" என்று சாதித்தார். நடப்புப் பாலிசியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், அதில் நோ க்ளெய்ம் போனஸ் பூஜ்யம். ஒரே ஓனர் வருஷா வருஷம் விடாமல் புதுப்பித்த, ஏழு வருஷம் ஓடின வண்டிக்குப் பூஜ்யம் என்றால், போன வருஷம் க்ளெய்ம் வாங்கியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். எதற்கு என்று கேட்டேன். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனவர் ரொம்ப நேரம் வரவில்லை.

மேலே அண்ணன் போனஸ் நம்மோடு வராது என்று வருத்தப்பட்டிருக்கிறார். ஆனால் வண்டியின் ஜாதகத்தைப் பார்க்க அந்த ஒரு வரி போதும்.

பட்டறைத் தம்பி:

மதுரையில் பட்டறை வைத்திருக்கிறேன் அண்ணா. வண்டி பார்க்க வரச்சொல்லி வாரத்துக்கு யாராவது கூப்பிடுவார்கள். முதலில் ஒன்று, நீங்கள் கூட்டிப் போகிற மெக்கானிக் விற்கிற புரோக்கருக்குத் தெரிந்தவனாக இருக்கக் கூடாது. கமிஷன் ரெண்டு பக்கமும் போகும், இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றினால் உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறதா என்று சந்தேகப்படுங்கள், ஹெட் கேஸ்கட் செலவாக இருக்கலாம். கண்ணாடி எல்லாவற்றிலும் மூலையில் கம்பெனி முத்திரையும் வருஷக் குறியும் இருக்கும், ஒன்று மட்டும் வேறு என்றால் அது ஏன் உடைந்தது என்று கேளுங்கள். ஸ்கேனர் போட்டு "எர்ரர் எதுவும் இல்லை" என்று காட்டுவார்கள், அதை நம்பிவிட முடியாது. எர்ரரை அப்போதுதான் அழித்திருந்தால் ரெடினஸ் என்ற பகுதியில் பல சோதனைகள் முடியவில்லை என்று காட்டும், கொஞ்ச தூரம் பலவிதமாக ஓட்டினால்தான் அது நிறையும்.

போன தீபாவளி சமயம் ஒரு ஹேட்ச்பேக். வெளியே கண்ணாடி மாதிரி இருந்தது, டெஸ்ட் டிரைவும் நன்றாக இருந்தது, வாங்க வந்த குடும்பம் பூஜை சாமானோடு வந்துவிட்டது. சாவியைப் போட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் டேஷ்போர்டை மட்டும் பார்த்தேன். செக் இன்ஜின், ஆயில், பேட்டரி எல்லா விளக்கும் எரிந்தது, ஏர்பேக் விளக்கு மட்டும் எரியவில்லை. அது சாவி போட்டதும் எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ இணைப்பை எடுத்திருக்கிறார்கள். ஸ்டியரிங் நடு மூடியைத் தடவிப் பார்த்தால் ரெக்சின் ஒட்டித் தைத்த வேலை. வெடித்த ஏர்பேக்கை எடுத்துவிட்டு மேலே மூடிவிட்டார்கள். அந்த வீட்டம்மா "தம்பி, ஓடுறதுக்கு ஒன்னும் பிரச்சினை இல்லைல்ல?" என்று கேட்டார்கள். ஓடும்மா, இடிச்சாத்தான் பிரச்சினை என்றேன்.

நெல்லை டீச்சர்:

எங்களுக்கு வந்தது டெல்லி வண்டி. டீசல் எஸ்யூவி, ஒன்பது வருஷம் ஓடியது, இங்கே விற்கிற விலையில் கிட்டத்தட்டப் பாதி. எங்கள் வீட்டுக்காரர் அப்படியே மயங்கிவிட்டார். டெல்லிப் பக்கம் டீசலுக்கு 10 வருஷம், பெட்ரோலுக்கு 15 வருஷம் என்று பசுமைத் தீர்ப்பாயம் போட்ட கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றமும் 2018-இல் உறுதி செய்தது. அப்போது பத்து நெருங்கினால் அங்கே வண்டியைத் தள்ளிவிட்டார்கள், அதனால்தான் அந்த விலை. வண்டி கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. ஆனால் இங்கே ஓட்ட வேண்டுமென்றால் டெல்லி ஆர்டிஓ கொடுக்கும் ஃபார்ம் 28 என்ஓசி வேண்டும், தமிழ்நாட்டு நம்பர் வாங்க வேண்டும், வரியும் இங்கே கட்ட வேண்டும். "என்ஓசி எங்க அண்ணாச்சி?" என்று நான் கேட்கும்போதெல்லாம் "வந்துக்கிட்டே இருக்கு டீச்சர்" என்பார் புரோக்கர். எந்த ரயிலில் வந்துகொண்டிருந்ததோ தெரியாது. அட்வான்ஸ் மட்டும் இன்றைக்கே வேண்டுமாம். காகிதத்தை என் கையில் கொடுத்தால் அதே நிமிஷம் பணம் என்றேன், அப்புறம் அவரிடமிருந்து போன் வரவில்லை.

கடைசியில் எங்கள் ஸ்கூல் ஹெச்எம் ஓட்டின ஆல்டோ. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, நன்றாக ஓடுகிறது.

ஓசூர் சலான்:

வாங்குகிறவர்கள் மட்டும் எழுதுகிறீர்கள், விற்ற என் கதையும் கேளுங்கள். ஒரு கன்சல்டிங்காரர் காரை எடுத்துக்கொண்டு, பெயர் நிரப்பாத ஃபார்ம் 29, 30-இல் என் கையெழுத்தும் வாங்கிப் போனார். அவர் இன்னொரு கடைக்கு, அந்தக் கடை வேறு யாருக்கோ. நான் போகாத ஓசூரில் ஹெல்மெட் தவிர எல்லாத்துக்கும் சலான் என் போனுக்கு வந்தது. காகிதத்தில் அப்போதும் "சிங்கிள் ஓனர்" என்று என் பெயர்தான் இருந்தது. அதைச் சொல்லியே அடுத்தவரிடம் நல்ல விலைக்கு விற்றிருப்பார்கள்.

சலானாவது பரவாயில்லை. விபத்து நடந்தால் நஷ்டஈடு கேட்டு ஆர்சியில் பெயர் இருக்கிறவர் மேல்தான் வருவார்கள், 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. டெலிவரி நோட் காப்பியோடு ஆர்டிஓவுக்கு எழுதிக் கொடுத்தேன், ஸ்டேஷனிலும் மனு கொடுக்கப் போகிறேன் என்று கன்சல்டிங்காரரிடம் சொன்னேன், அதற்கப்புறம்தான் பெயர் மாறியது.

அதனால் வாங்குகிறவர்களே, ஆர்சியில் உள்ள பெயருக்குரிய ஆளிடம் போனில் ஒருதடவையாவது பேசுங்கள். "உங்க வண்டியை யாருக்கு வித்தீங்க, எப்போ வித்தீங்க?" இவ்வளவு கேட்டால் போதும், இடையில் எத்தனை கை மாறியது என்று தெரிந்துவிடும். அரசாங்கத்தின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு இன்ஷூரன்ஸ், ஃபிட்னஸ் தேதியையும், சலான் பக்கத்தில் பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

புது உறுப்பினர்:

எல்லோருக்கும் நன்றி. மறைமலைநகரில் செய்த ஒரு எகோஸ்போர்ட் டீசல் நல்ல விலைக்கு வருகிறது, பார்ட்டி வண்டிதான். கம்பெனியே மூடிப் போச்சே, வாங்கலாமா?

பட்டறைத் தம்பி:

ஃபோர்டு இங்கே வண்டி செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது 2021 செப்டம்பரில். சர்வீஸும் ஸ்பேரும் நிற்கவில்லை. ஆயில் ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் மாதிரி ஓடுகிற சாமானுக்குப் பயமில்லை. இடிபட்டால் வேண்டிய ஹெட்லைட், பம்பர், கதவு மாதிரி பாடி சாமான்தான் காத்திருக்க வைக்கும். விலை குறைவாகக் கிடைக்கும், நீங்கள் விற்கும்போதும் குறைவாகத்தான் போகும், ரொம்ப வருஷம் வைத்து ஓட்டுவதாக இருந்தால் எடுக்கலாம். உங்கள் ஊரிலேயே ஃபோர்டு சர்வீஸ் சென்டர் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பார்க்கப் போகும்போது முந்தின நாள் ராத்திரியே ஓனரிடம் சொல்லிவிடுங்கள், நான் வருகிற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று.