‘ஆஸ் மந்திரவாதி’ கதையின் அரசியல்: படித்தவர்கள் உதவுங்கள்

எங்கள் வாசகர் வட்டத்தில் எல். ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய ஆஸ் மந்திரவாதி நாவலைப் பற்றி நான் பேச வேண்டும். இரண்டு விஷயங்களில் உங்கள் உதவி தேவை.

1964இல் ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்ற பள்ளி ஆசிரியர் இதை அமெரிக்க உழவர் இயக்கத்தின் உருவகக் கதையாக வாசித்தார். வைக்கோல் பொம்மை உழவர், தகர மனிதன் ஆலைத் தொழிலாளி, கோழைச் சிங்கம் 1896 அமெரிக்க அதிபர் தேர்தலில் தோற்ற, வெள்ளி நாணயத்துக்காக வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். மஞ்சள் செங்கல் பாதை தங்கத்தை அடிப்படையாகக் கொண்ட நாணய முறை. கதை நாயகியான சிறுமி டோரதியின் காலணி நாவலில் வெள்ளி. 1939 திரைப்படம்தான் அதைச் சிவப்பாக்கியது. பணப்புழக்கம் கூடினால் கடன் சுமை குறையும் என்று, கடனில் தவித்த உழவர்கள் தங்கத்தோடு வெள்ளி நாணயமும் கேட்டுப் போராடியது நாவலுக்கு முந்தைய ஆண்டுகளில். பொருத்தம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாம் இதையெல்லாம் மனத்தில் வைத்துத்தான் எழுதினார் என்பதற்கு அவருடைய கடிதங்களிலோ பேச்சிலோ சான்று உண்டா?

என்னைக் கேட்டால், மந்திரவாதி ஆளும் மரகத நகரக் காட்சியே அரசியல் மிகுந்தது. உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் காவலன் பச்சைக் கண்ணாடியை மாட்டி, தலைக்குப் பின்னால் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்கிறான். நகரம் முழுக்கப் பச்சையாகத் தெரிவது அதனால்தான்!

இரண்டாவது, மனத்தை உறுத்துவது. தெற்கு டகோட்டாவில் பத்திரிகை நடத்தியபோது, 1890 டிசம்பரிலும் 1891 ஜனவரியிலும், அமெரிக்கப் பூர்வகுடிகளை அடியோடு அழிக்க வேண்டும் என்று பாம் தலையங்கம் எழுதினார். பெண்ணுரிமைக்குக் குரல்கொடுத்தவரும் அவரே. அந்தத் தலையங்கங்களோடு சேர்த்து நாவலை ஆராய்ந்த கட்டுரைகள், குறிப்பாகப் பூர்வகுடி எழுத்தாளர்களுடையவை, தெரிந்தால் சொல்லுங்கள். தமிழில் யாரேனும் எழுதியிருந்தால் இன்னும் மகிழ்ச்சி.